புதுப்பிப்பு: குளிர்கால மழைக்கு மின்சார ரோடு பைக்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் குளிர்கால மழையில் மின்சார ரோடு பைக்கில் (மோட்டார் உதவியுள்ள சைக்கிள்) வேலைக்குப் போக என்னென்ன மாற்ற வேண்டும் என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். மூன்று மாதம் ஓட்டியாகிவிட்டது.

முழு நீள மட்கார்டு போட்டேன். அதற்கு இடம் விட, 32 மி.மீ. டயரிலிருந்து 28-க்கு இறங்க வேண்டியிருந்தது. முன் மட்கார்டின் நுனியில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ரப்பர் மடல் ஒன்றைத் தொங்கவிட்ட பிறகுதான் ஷூ நனைவது நின்றது. ஷூ கவரைவிட இதுவே பெரிய உதவி.

சின்டர்டு பிரேக் பேட் (உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்தது) ஈரத்தில் மெதுவாகத்தான் தேய்கிறது. சத்தம் வரும், பரவாயில்லை.

பனி உறையாமல் இருக்கச் சாலையில் தூவும் உப்புதான் சங்கிலிக்கு எமன். வீடு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர், துணி, அப்புறம் எண்ணெய். பேட்டரியை உள்ளே வைத்து, குளிர் விட்ட பிறகே சார்ஜ் போடுகிறேன். 0 டிகிரிக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் செல் கெடும்.