அம்புப்புழுக் குஞ்சுகளை இனம் பிரிக்க உதவி தேவை

வணக்கம். கரையோரக் கடலில் 50 மீட்டர் ஆழம் வரை மாதந்தோறும் அம்புப்புழுக்களை (Chaetognatha, கடலில் மிதந்து வாழ்ந்து இரை பிடிக்கும் சிறு புழுக்கள்) சேகரித்து வருகிறேன். வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் 200 மைக்ரான் கண்ணளவு வலை, மூன்று ஆழ அடுக்குகள். இரவில் மேலடுக்கில் நிறைய கிடைக்கின்றன, பகலில் அநேகமாக இல்லை. கோப்பிபாடுகளை (நுண்ணிய ஓட்டுடலிகள்) தின்ன இவை இரவில் மேலேறுவது தெரிந்ததுதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் வலைக்குத் தப்பியும் போகலாமே! இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

அப்புறம், குஞ்சுகள். 5 மில்லிமீட்டருக்கும் சிறியவற்றில் பெரும்பாலும் சிற்றினத்தை அடையாளம் காட்டும் விந்துப்பைகள் உருவாகியிருக்காது. தலையிலுள்ள கொக்கிகளை மட்டும் எண்ணிச் சிற்றினம் சொல்ல மனம் வரவில்லை. உப்புத்தன்மை குறையும் மாதங்களில் இவைதான் அதிகம், ஒதுக்கிவிட்டால் பருவக் கணக்கே பொய்த்துவிடும். ஃபார்மலினில் வைத்த குஞ்சுகளைப் பிரித்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள். நுண்ணோக்கிப் படங்கள் அனுப்புகிறேன்.