அவசரம்: ஸ்மைட் ஒரே டர்ன்ல ரெண்டு தடவை போகுமா?

அரைத்தூக்க_டிஎம்
நாளைக்கு சாயங்காலம் எங்க ரோல்பிளே கேம், நடத்தற டிஎம் நான்தான், அதுக்குள்ள பதில் வேணும். போன வாரம் எங்க பாலடின் (புனித வீரன் கேரக்டர்) ஒரே டர்ன்ல ரெண்டு ஸ்மைட் (அடி பட்டதும் சேர்க்கற கூடுதல் டேமேஜ்) போட்டு, மாசக்கணக்கா வளர்த்த வில்லனை வாயைத் திறக்கறதுக்குள்ள முடிச்சுட்டான். ரூல் மாறிடுச்சு, இப்ப ஒண்ணுதான்னு விசார்ட் ஆடுறவ சொல்றா. மாறலைன்னு அவன் சொல்றான். ரெண்டு பேரும் புக்கைக் காட்டுறாங்க. எது சரி?

பகடைப்பாண்டி
டிஎன்டியா (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), பாத்ஃபைண்டரா? டிஎன்டின்னா 2014 புக்கா 2024 புக்கா? என்ன லெவல்?

ரேஞ்சர்_ரசிகன்
ரெண்டு பேரும் புக்கைக் காட்டுறாங்கன்னா ரெண்டும் வேற வேற புக். பந்தயம்.

குகைவாசி
கேரக்டர் ஷீட்டை ஆப்ல வச்சிருக்கானா? அப்ப ஆப் வேலைதான் இது. 2024 ஆகஸ்ட்ல டிஎன்டியோட ஆன்லைன் தளமான டிஎன்டி பியாண்ட்ல இருக்கற பழைய ஸ்பெல் (மந்திரம்), மேஜிக் ஐட்டம் எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தப் போறோம்னு அறிவிச்சாங்களே. ஷீட் தானா குழம்பியிருக்கும்.

நிலா_டி20
ஆட்கள் கொந்தளிச்சதும் சில நாள்லயே அதை வாபஸ் வாங்கிட்டாங்க. தவிர, 2014ல டிவைன் ஸ்மைட் ஸ்பெல்லே கிடையாது, கிளாஸ் ஃபீச்சர், அதாவது பாலடினுக்கே உள்ள திறமை. ஸ்பெல்லை மாத்தியிருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும்.

மூன்றாம்பதிப்பு
பாலடின் அத்தியாயத்தைத் திறந்து படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. 2014: கைகலப்பு ஆயுதத்தின் அடி பட்டதும் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒன்றைச் செலவழித்தால் குறைந்தது 2டி8 (எட்டு முகப் பகடை இரண்டு) கூடுதல். ஆக்‌ஷன் எதுவும் போகாது. எனவே இரண்டு அடி பட்டால் இரண்டு ஸ்மைட். 2024: அதே பெயரில் ஸ்பெல், அடி பட்டவுடன் போனஸ் ஆக்‌ஷனாகப் போட வேண்டும். போனஸ் ஆக்‌ஷன் டர்னுக்கு ஒன்று. எண்ணத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

பகடைப்பாண்டி
அய்யா வந்துட்டாரு. விஷயம் சரி, கடைசி வரி வேண்டாத வேலை. டிஎம், இன்னொண்ணு: புதுசுல போனஸ் ஆக்‌ஷன் ஆயிட்டதால ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்ல (விலகி ஓடற எதிரியை அவன் டர்ன்லயே அடிக்கறது) ஸ்மைட் கிடையாது. ஸ்பெல்லா ஆயிட்டதால வில்லன்கிட்ட கவுன்ட்டர்ஸ்பெல் இருந்தா தடுத்தும் பார்க்கலாம்.

குகைவாசி
அதான் பாலடின்காரங்க கடுப்புல இருக்காங்க. கிரிட் (பகடைல 20) விழுந்ததைப் பார்த்துட்டு ஸ்மைட்டை இறக்கறதுதான் அந்த கிளாஸோட சுகமே.

நிலா_டி20
இப்பவும் அடி பட்டப்புறம்தானே போடறோம்? கிரிட் பார்த்துட்டே போடலாம். முதல் அடியிலயே போட்டுடலாமா, ரெண்டாவதுக்குக் காத்திருக்கலாமான்னு மண்டையைக் குடையும், அவ்வளவுதான். எனக்கென்னவோ அது நல்லாத்தான் இருக்கு.

அரைத்தூக்க_டிஎம்
இப்பதான் ஆபீஸ் முடிஞ்சுது. லெவல் 6. ஆப் எல்லாம் இல்ல, பேப்பர் ஷீட். அவன்கிட்ட 2014, விசார்ட்கிட்ட 2024. ஆமா, கிரேட்சோர்டு மிஸ் ஆனாலும் கொஞ்சம் டேமேஜ் போடறானே, அது எதுல இருக்கு?

நிலா_டி20
அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா! அது கிரேஸ். வெப்பன் மாஸ்டரில வர்றது, 2014 புக்ல இல்லவே இல்ல. லே ஆன் ஹேண்ட்ஸை (தொட்டுக் குணப்படுத்தறது) ஆக்‌ஷனா பண்றானா, போனஸ் ஆக்‌ஷனா பண்றானா?

அரைத்தூக்க_டிஎம்
போனஸ்

நிலா_டி20
அதுவும் புதுசு. ஆக ஸ்மைட் மட்டும் பழசு. தம்பி ரெண்டு பந்தியிலயும் உக்காந்து சாப்பிடுறார்.

ஒரே டேபிள்ல ஒருத்தர் 2014, இன்னொருத்தர் 2024ன்னு ஆடலாம், ஒண்ணும் குடி முழுகாது. ஒரே கேரக்டர் பாதி பாதி வேண்டாம். எந்த புக்னு அவரையே எடுக்கச் சொல்லுங்க. பழசுன்னா ரெண்டு ஸ்மைட் உண்டு, ஆனா கிரேஸ் போச்சு, லே ஆன் ஹேண்ட்ஸுக்கு முழு ஆக்‌ஷன். புதுசுன்னா ஒரு ஸ்மைட் ஸ்லாட் இல்லாமலே போடலாம், லாங் ரெஸ்ட் எடுத்தா திரும்ப வந்துடும். 5ஆம் லெவல்ல ஃபைண்ட் ஸ்டீடும் (குதிரையை வரவழைக்கற ஸ்பெல்) அதே மாதிரி ஒரு தடவை இலவசம். குதிரையைக் காட்டி இழுத்துப் பாருங்க. செத்த வில்லன் செத்ததுதான், அதைத் திருப்பாதீங்க.

மூன்றாம்பதிப்பு
இந்தப் புலம்பல் புதிதல்ல. 2000இல் மூன்றாம் பதிப்பு, 2003இலேயே 3.5. மூன்று ஆண்டில் அதே நூலைத் திரும்ப வாங்கினோம். யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை.

குகைவாசி
அப்ப 2008ல நாலாவது பதிப்பு வந்தப்ப ஏன் ஏகப்பட்ட பேர் ஓடுனாங்க? 3.5 விதியை வச்சே 2009ல பாத்ஃபைண்டர் வந்து நின்னுச்சே. பேசாம எல்லாரும் அங்கேயே போயிடலாம்.

மூன்றாம்பதிப்பு
நான்காம் பதிப்பை நீங்கள் ஒரு முறையாவது ஆடியிருக்கிறீர்களா?

பகடைப்பாண்டி
சண்டையை நிறுத்துங்கப்பா. என் கணக்குல, புது புக் மேல இருக்கற கோபத்துல பாதி விதி மேல இல்ல. 2023 ஜனவரில டிஎன்டி கம்பெனிக்காரங்க ஓப்பன் லைசென்ஸ்ல (அவங்க விதியை வச்சு மத்தவங்க புக் போட அனுமதி) கை வைக்கப் பார்த்தாங்க, ரகளை ஆனதும் 5.1 அடிப்படை விதியை கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டு சமாதானம் ஆனாங்க. அந்தச் சூடு ஆறாமதான் 2024 புக்கையே பிரிச்சோம். அப்புறம் ஸ்மைட் மேல எரிஞ்சு விழாம என்ன செய்வோம்?

ரேஞ்சர்_ரசிகன்
எல்லாரும் ஸ்மைட்டுக்கே ஒப்பாரி வைங்க. ரேஞ்சரைப் பத்தி ஒரு வார்த்தை? மொத்த கிளாஸையும் ஹன்ட்டர்ஸ் மார்க்னு ஒரே ஸ்பெல்ல கட்டிப் போட்டிருக்காங்க. அதுக்கு இன்னும் கான்சன்ட்ரேஷன் (கவனம் குலைஞ்சா ஸ்பெல் போயிடும்) வேணும். 20ஆம் லெவல்ல அதோட டேமேஜ் பகடை டி6 போய் டி10 வருமாம், அதான் பரிசாம்.

நிலா_டி20
ரேஞ்சர் விஷயத்துல மட்டும் நான் உங்க கட்சி.

அரைத்தூக்க_டிஎம்
புதுசுக்கே மாறிக்கறேன்னுட்டான். குதிரைக்குப் பேர் தேடிட்டு இருக்கான். நன்றி எல்லாருக்கும், கிளம்பறேன்

ரேஞ்சர்_ரசிகன்
அப்ப ரேஞ்சர்?

பகடைப்பாண்டி
தனி இழை போடு ராசா.

மூன்றாம்பதிப்பு
குகைவாசி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.