மறுமொழி: சுப்பர் கப்பாசிற்றர் – ‘விரைமின்கலம்’ பொருந்துமா?

அன்பின் ஐயா,

வணக்கம். சுப்பர் கப்பாசிற்றருக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் தாங்கள் எழுதியது:

> பற்றரியைப் போலவே மின்னைச் சேமித்துத் தருகிறது. சில வினாடிகளில் ஏறியும் விடுகிறது. ‘விரைமின்கலம்’ என்றால் எவருக்கும் விளங்கும்.

விளங்கும், பிழையாக விளங்கிவிடும் என்பதே என் தயக்கம். 2018 இல் வெளிவந்த கலக்சி நோட் 9 கைத்தொலைபேசியின் எழுதுகோல் 40 வினாடிகளில் ஏறிவிடுவதற்குக் காரணம், அதனுள் இருக்கும் சுப்பர் கப்பாசிற்றர் விரைவான கலம் என்பதன்று. அது கலமே அன்று. இலிதியம் அயன் கலத்தில் அயன்கள் (ஏற்றம் பெற்ற துணிக்கைகள்) மின்வாயின் (எலக்ற்றோட்டின்) உள்ளே புகுந்து தங்குகின்றன. இங்கோ அவை கரியின் மேற்பரப்பில் ஒட்டி நிற்பதோடு சரி, இரசாயனத் தாக்கம் எதுவும் நிகழ்வதில்லை. இலட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினாலும் அது பெரிதும் நலிவடையாததும் அதனாலேயே, கிலோகிராமுக்கு 5 முதல் 10 வாற்று மணி அளவே அடங்குவதும் அதனாலேயே. இலிதியம் அயன் கலமோ 200 ஐயும் தாண்டும்.

சென்ற வாரம் இங்கே திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு நாணயமளவான, 5.5 வோல்ற்று எனப் பொறித்த சுப்பர் கப்பாசிற்றர் ஒன்றைக் கொண்டுபோய், தொலைபேசி மின்னேற்றியில் ஏற்றி, சிவப்பு ஒளிகாலும் இருவாயி (எல்ஈடி) ஒன்றை எரியவிட்டேன். “பற்றரி என்றால் கடைசி மட்டும் எரிந்துபோட்டுத்தானே நூரும், இது தொடக்கத்திலேயே மங்கிக்கொண்டு வருகுது, சேர்” என்றாள் ஒரு பிள்ளை. ஏற்றம் குறையக் குறைய வோல்ற்றளவும் அதே விகிதத்தில் இறங்குவதையும், அது பாதியானால் சக்தியில் காற்பங்கே எஞ்சுவதையும் அதன் பிறகு விளக்குவது எளிதாயிற்று. ‘கலம்’ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திராது.

சென்னை நண்பர் முன்வைத்த ‘மீமின்தேக்கி’ என்ற பெயரில், கப்பாசிற்றருக்குத் தேக்கியா கொள்ளளவியா என்ற வழக்கை நான் கிளறவில்லை, எங்கள் பாடநூல்களில் இருப்பது கொள்ளளவி. ஆனால் ‘மீ’ எதனையும் விளக்கவில்லை. ஆங்கிலத்தில் உள்ள ‘சுப்பர்’ கூட 1978 இல் யப்பானின் என்இசி நிறுவனம் தன் சரக்குக்கு இட்ட பெயர்தான். தேக்குதல் என்றதும் கந்தளாய்க் குளத்தின் ஆழம் நினைவுக்கு வரும் எங்களுக்கு, இங்கே கணக்கு ஆழத்தில் அன்று, பரப்பில் என்பதைச் சொல் உணர்த்த வேண்டும். இதன் மின்வாய்க்கு உதவும், உயிர்ப்பூட்டிய (நுண்துளைகள் மலிந்த) சிரட்டைக்கரி ஒரு கிராமின் நுண்துளைச் சுவர்களை விரித்தால் கால் ஏக்கர் காணிக்கு மேல் வரும்.

அந்தச் சுவரில் ஒரு புறம் மின்வாயின் ஏற்றமும், மறு புறம் எதிர் ஏற்றமுள்ள அயன்களும் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் இடைவெளியில் எதிரெதிரே அணிவகுப்பதை செருமானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ற்சு 1853 இலேயே விவரித்தார். அதை ‘ஈரடுக்கு’ என்று பெயர்க்கத்தான் முதலில் எண்ணினேன். ஆனால் பற்றரியை ‘மின்கலவடுக்கு’ என்று படித்த மாணவர், ஈரடுக்கு என்றால் இரண்டு கலங்களை அடுக்கியது என்றே கொள்வர். ஆகவே ‘இருபடலக் கொள்ளளவி’ என்பதை முன்வைக்கிறேன். நீளம் என்பவர்கள், முதல் தடவை முழுதாக எழுதிவிட்டுப் பின்னர் ‘இருபடலி’ எனலாம்.

ஒரு மின்வாய் கரியாகவும் மற்றையது இலிதியம் ஏற்ற காரீயமாகவும் (கிராபைற்று) அமையும் கலப்பினத்துக்கு இப்பெயர் பொருந்தாது, ஏனெனில் அதன் ஒரு பக்கம் உண்மையிலேயே கலம். அதற்குக் ‘கலக்கொள்ளளவி’ என்பது ஒத்துவருமா என்பதைத் தாங்களும் ஏனையோரும் பார்த்துச் சொல்ல வேண்டும்.