இங்கிலீஷ்ல ‘டு’ (to) எங்க போடணும், எங்க போடக்கூடாது? ஊட்டி டாக்ஸிக்காரன் கேக்குறேன்

மலைவண்டி:
ஊட்டில டாக்ஸி ஓட்டுறேன், படிச்சது தமிழ் மீடியம், கெஸ்ட்டுங்களுக்கு வாட்ஸ்அப்ல இங்கிலீஷ்ல தான் போடணும். நேத்து ‘வீ வில் கோ டுவார்ட்ஸ் தொட்டபெட்டா’ன்னு போட்டேன், டுவார்ட்ஸ்னா கொஞ்சம் கெத்தா இருக்கும்னு நெனச்சு, புக் பண்ண அம்மா அப்போ உச்சிக்கு கூட்டிட்டு போக மாட்டீங்களான்னு கேட்டு புக்கிங்கே போயிருக்கும். இன்னொருத்தர் ‘ரீச் டு குன்னூர்’ தப்புங்கறார். நமக்கு எல்லாத்துக்கும் ஒரே ‘க்கு’ தானங்க?

சில்வர்ஓக்:
எல்லாத்துக்கும் டு போடுண்ணா, புரிஞ்சுக்குவாங்க.

கோத்தகிரி டீச்சர்:
அப்படி சொல்லிக் குடுக்காதப்பா. மலைவண்டி தம்பி, ஒரே ‘க்கு’ன்னு யாரு சொன்னா? ‘கோத்தகிரி பக்கம் போறேன்’னா டுவார்ட்ஸ், திசை மட்டும் தான், போய் சேருவீங்களான்னு அதுல இல்ல. ‘கோத்தகிரிக்கு’ன்னா டு. அந்தம்மா கேட்டது நியாயம் தான். ரீச் நம்ம ‘அடைஞ்சோம்’ மாதிரி, ஊரை அடைஞ்சோம்னு தான சொல்லுவோம், ஊருக்கு அடைஞ்சோம்னா சிரிப்பாங்க, அதனால வெறும் ‘ரீச் குன்னூர்’. அரைவ்னா ஊருக்கு இன், ஸ்டேஷனுக்கு அட், டு வரவே வராது. ‘கோ ஹோம்’லயும் டு கிடையாது.

மலைவண்டி:
அய்யோ. மலை ரயில்ல 16 டனல் இருக்கு, ‘ட்ரெயின் என்டர்ஸ் இன்டு தி டனல்’னு தான் நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேன்.

கோத்தகிரி டீச்சர்:
என்டர்குள்ளயே ‘உள்ள’ இருக்கு, இன்டு வேணாம். அக்ரிமென்ட் போடறப்போ என்டர் இன்டு வரும், அது வக்கீல் பாஷை, உங்களுக்கு எதுக்கு. ‘கோஸ் இன்டு’ன்னா டனல் வாய்க்குள்ள நுழையறது, அந்தப் பக்கம் வெளிய வந்தாச்சுன்னா ‘த்ரூ’. பாலத்துக்கு அக்ராஸ், ஓவர் ரெண்டும் ஓகே.

சில்வர்ஓக்:
சிம்ஸ் பார்க்ல ‘வாக் இன்’னா ஏற்கனவே உள்ள இருந்து சுத்தறது, ‘வாக் இன்டு’ன்னா கேட் வழியா உள்ள போறது, கரெக்டா டீச்சர்?

கோத்தகிரி டீச்சர்:
பரவால்லயே, கரெக்ட்.

மலைவண்டி:
நாளைக்கு அனுப்ப வேண்டியது, பாருங்க: ‘வீ வில் டிரைவ் அப் டு தொட்டபெட்டா, கோ பாஸ்ட் தி டீ எஸ்டேட்ஸ் அண்ட் ரீச் டு கோத்தகிரி’.

கோத்தகிரி டீச்சர்:
ரீச்சுக்கு பின்னாடி மறுபடியும் டு! அப்புறம் ‘பாஸ்ட்’னா தாண்டி போறது மட்டும் தான், போட்டோ எடுக்க நிறுத்துவீங்கன்னா ‘ஸ்டாப் அட்’னு போடுங்க, இல்லன்னா அதுக்கும் அந்தம்மா போன் பண்ணுவாங்க.

மலைவண்டி:
கை தானா டு அடிக்குது டீச்சர். மாத்தி அனுப்பிட்டேன்.