புதுப்பிப்பு: ஸ்னோடிராப் கொத்தைப் பிரித்து நட்டாச்சு

இங்கிலாந்தில் எங்கள் தோட்டத்து ஸ்னோடிராப் (குளிர்கால முடிவில் வெள்ளையாகப் பூக்கும் சிறு செடி) கொத்து நெருக்கியடித்துப் பூ குறைந்துவிட்டது, எப்போது பிரிக்கலாம் என்று போன வருடம் கேட்டிருந்தேன். மார்ச்சில், பூ வாடி இலை பச்சையாக இருக்கும்போதே பிரித்தேன். சற்றுத் தள்ளித் தோண்டி மண்ணோடு தூக்கினால் வேர் அறாது. மண்ணுக்குள் இருக்கும் குமிழ்கள் (கிழங்குகள்) விரலாலேயே பிரியும். பார்க்கச் சின்ன வெங்காயம் போலிருந்தாலும் விஷம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம்.

மூன்று நான்காகச் சேர்த்து, தண்டின் வெள்ளைப் பகுதி முழுக்க மண்ணுக்குள் போகும்படி, பழைய ஆழத்திலேயே அரைநிழலில் நட்டேன். வேர் காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அப்புறம், இலையை வெட்டவே வெட்டாதீர்கள். தானாக மஞ்சளாகிச் சாயட்டும், அடுத்த வருடப் பூவுக்கான சத்தைக் குமிழுக்கு அனுப்புவதே அதுதான்.

இந்தப் பிப்ரவரியில் அநேகமாக எல்லாக் கொத்திலும் பூ!