ஆஸ்திரேலியா வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளே, அட்டையில் 'ஆம்' போடுங்கள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று எங்கிருந்து கிளம்பினாலும் பெட்டி கட்டுவது பெரும்பாலும் அம்மாவும் ஆச்சியும்தான். கடைசி நேரத்தில் சட்டைகளுக்கு நடுவே மல்லி, சீரகம், வத்தல் எல்லாம் ஏறியிருக்கும். அதனால் முந்தின நாளே பெட்டியை முழுசாகக் கொட்டி, என்னென்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

தானியத்தை அரித்துத் தின்னும் கப்ரா வண்டுக்குப் பயந்து, 2020-லிருந்து அரிசி, துவரை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை, முழு மல்லி, சீரகம், மிளகாய் வத்தல் எதையும் பயணிகள் பெட்டியில் கொண்டுவர விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. நம்ம ஊர் பால் பலகாரங்களும் கூடாது.

சரி, தெரியாமல் வந்துவிட்டது, என்ன செய்ய? இறங்கும்போது நிரப்பும் பயணி அட்டையில் உணவு, விதை, செடி பற்றிக் கேட்கும் இடத்தில் 'ஆம்' போட்டு, அதிகாரியிடம் எடுத்துக் காட்டுங்கள். ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், அபராதம் கிடையாது. 'இல்லை' என்று கையெழுத்துப் போட்ட பிறகு மோப்ப நாயோ எக்ஸ்ரேயோ கண்டுபிடித்தால் கதை வேறு. பொருளும் போகும், அபராதமும் விழும், அதோடு விசாவையே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. 2019-ல் சுற்றுலா விசாவுக்கு மட்டும் இருந்த இந்த விதி 2021 ஜனவரியிலிருந்து மாணவர்களுக்கும் தற்காலிக வேலை விசாக்காரர்களுக்கும் வந்துவிட்டது. ரத்தானால் 3 வருடம் வரை திரும்ப வர முடியாமல் போகலாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டி வருகிற பிள்ளைகள் ஒரு பொட்டலம் சீரகத்துக்காக விமான நிலையத்திலிருந்தே திரும்பிப் போகலாமா? நினைத்தாலே வயிறு எரிகிறது.

அப்புறம், "எங்க பையனும் அங்கதான் இருக்கான், இதக் கொஞ்சம் குடுத்திரு தம்பி" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒட்டித் தரும் பார்சல். உங்கள் பெட்டியில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

கல்லிடைக்குறிச்சி அப்பளமானாலும் மறைக்க வேண்டாம், கடைப் பாக்கெட்டோடு, லேபிள் கிழியாமல் கொண்டு வாருங்கள். தின்பண்டம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பெட்டியின் மேலாக வையுங்கள், கேட்டதும் எடுத்து நீட்ட வசதி. எதிலாவது சந்தேகம் இருந்தால் அதற்கும் 'ஆம்' தான்.