மயூர் விஹார் தமிழ்ச் சொந்தங்கள்: 9 பிப்ரவரி 2025, ஞாயிறு

ராமநாதன் (காலை 7:42): நேற்று வந்த தில்லி சட்டமன்றத் தேர்தல் முடிவை வைத்து இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது தில்லியில் கேஜ்ரிவால் தோற்றது 4,089 வாக்கில். அங்கே காங்கிரஸ் வாங்கியது 4,568. ஜங்புராவில் சிசோடியா 675 வாக்கில் போனார். மாநிலம் முழுக்கவே பாஜகவுக்கும் ஆம் ஆத்மிக்கும் 2 சதவீதம்தான் வித்தியாசம். ஆம் ஆத்மியும் காங்கிரஸும் கூட்டணி வைத்திருந்தால் கதையே வேறு.

செல்வம் (7:50): ஆம் ஆத்மிக்காரர்கள் 62 இடத்திலிருந்து 22க்கு வந்திருக்கிறார்கள் சார். அத்தனைக்கும் காங்கிரஸா காரணம்? குழம்பில் உப்புக் கூடிப்போனதற்குப் பரிமாறியவரைத் திட்டுகிறீர்கள்.

கல்யாணி (7:53): குழுவில் அரசியல் வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது? செவ்வாய்க்கிழமை தைப்பூசம். மலை மந்திர் முருகன் கோவிலுக்கு வருகிறவர்கள் பெயர் கொடுங்கள், வேன் பேச வேண்டும்.

பட்டு மாமி (7:58): என் பெயரைப் போட்டுக்கொள் கல்யாணி. செல்வம் சொல்வதுதான் சரி.

அரவிந்த் (8:01): பாட்டி, தினமும் இலவச டிக்கெட்டில் பஸ் ஏறுகிற நீங்களா இப்படிச் சொல்கிறீர்கள்!

பட்டு மாமி (8:09): டிக்கெட்டுக்கு 2020லேயே வாக்குப் போட்டு நன்றி சொல்லியாயிற்றுடா. ஒரே உபகாரத்துக்கு ஆயுசு முழுக்கவா நன்றி சொல்வார்கள்? காலையில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு வாளி கீழே போகிறது, அத்தனை வாடை. தாத்தாவின் வேட்டி எல்லாம் பழுப்பேறிவிட்டது. யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். யமுனையே 2025க்குள் சுத்தமாகிவிடும் என்றார்களே!

ராமநாதன் (8:14): கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்னால் எப்படி மாமி? அதிகாரிகளை மாற்றும் உரிமையைக்கூட 2023இல் மத்திய அரசு சட்டம் போட்டுப் பறித்தது.

செல்வம் (8:31): அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குப்பைக்கு என்ன சொல்வது? மாநகராட்சி எங்களிடம் இல்லை என்றார்கள். 2022 டிசம்பரில் 250க்கு 134 வார்டு கொடுத்தோம். அதே மூலை, அதே குப்பை, அதை மேய்கிற மாடுகூட அதேதான்.
2013இல் ஆம் ஆத்மி தொப்பி போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். பங்களா வேண்டாம், சிவப்பு விளக்குக் கார் வேண்டாம் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டோம். முதல்வர் பங்களாவை இப்படி மாளிகையாக்கியது வேறு கட்சிக்காரராக இருந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். இவர்கள் தாங்களே வைத்த தராசில் தாங்களே ஏறி நிற்கிறார்கள். போதாததற்கு ஆதிஷி முதல்வரானதும், பக்கத்தில் பதவி விலகிய கேஜ்ரிவாலுக்கென்று ஒரு காலி நாற்காலி. முதல்வர் யார் என்று நாற்காலியா நமக்குச் சொல்ல வேண்டும்?

அரவிந்த் (8:36): நம் பட்பர்கஞ்ச் தொகுதியைச் சொல்லுங்கள் மாமா.

செல்வம் (8:44): அதுதான் எனக்கு ஆறவில்லை. 2020இல் அலை அடித்தபோதே சிசோடியா இங்கே 3,207இல்தான் தப்பினார். எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஆளை ஜங்புராவுக்கு அனுப்பிவிட்டு, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு கட்சியில் சேர்ந்த பயிற்சி வகுப்பு ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பத்து வருடம் போஸ்டர் ஒட்டியவன் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். 28,000 வாக்கில் போயிற்று.

கல்யாணி (8:47): நானே விதியை மீறுகிறேன். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று 1ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 5ஆம் தேதி வாக்குப்பதிவு. எங்கள் அலுவலகத்தில் அன்று சாப்பாட்டு வேளையில் வேறு பேச்சே இல்லை. இலவச மின்சாரக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. சரி, வேனுக்கு இதுவரை ஒரே ஒரு பெயர்தான்.

ராமநாதன் (8:52): என் பெயரையும் சேர். இந்தச் செல்வத்தின் பக்கத்தில் மட்டும் இடம் போடாதே.

செல்வம் (8:53): நீங்கள் வரும்வரை அந்த இருக்கையைக் காலியாகவே வைத்திருக்கிறேன் சார்.